தலையில் அடி, காரணம் தெரியவில்லை: ஆம்புலன்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம். மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரியவர் கிடந்தார். நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம். பேச்சுக் கொடுத்தால் தெளிவாகப் பதில் சொன்னார். “அப்பா படியில வழுக்கி விழுந்துட்டார்” என்றார் மகன். காயத்துக்குக் கட்டுப் போட்டோம், கழுத்து அசையாமல் பிடித்து ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம், படிவத்தில் ‘படியில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதி ஒப்படைத்துவிட்டு வந்தேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. தையல் போட்டு வார்டில் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் அங்கே குளியலறையில் மறுபடியும் விழுந்தார்.

அப்போது மருத்துவர் என்னை அழைத்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அவர் வழுக்கினதை யார் பார்த்தது?” யாருமே பார்க்கவில்லை. மகன் உள்ளறையில் இருந்தார், சத்தம் கேட்டு ஓடி வந்தார், அவ்வளவுதான். அதே படிவத்தில் நாடி 42, பிரஷர் 100/60 என்று என் கையெழுத்திலேயே இருந்தது. விழுந்து, ரத்தம் போய், பயந்து கிடக்கும் மனிதருக்கு நாடி வேகமாக ஓடுவதுதான் வழக்கம். 42 என்று எழுதிய கை, அது ஏன் என்று கேட்காமல் விட்டுவிட்டது.

அன்றிலிருந்து, காரணம் தெரியாத தலைக்காயம் என்றால் ஒரு வரிசை வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் சேவையின் நெறிமுறையும் உங்கள் மருத்துவரின் உத்தரவும் முதலில். இது அதற்குள் பொருந்த வேண்டிய ஒன்று.

1. அழைப்பில் வந்த காரணத்தை அழைப்போடு விட்டுவிடுங்கள்

‘வழுக்கி விழுந்தார்’, ‘குடித்துவிட்டுக் கிடக்கிறார்’, ‘பைக் விபத்து’ என்று ஏதாவது ஒன்று உங்கள் காதில் விழுந்த பிறகுதான் நீங்கள் கிளம்புகிறீர்கள். அதைச் சொன்னவர் பெரும்பாலும் பார்த்தவராக இருக்கமாட்டார். முகவரிக்கும் ஆபத்துக்கும் மட்டும் அந்தத் தகவலை நம்புங்கள். அழைப்பு வந்த நேரத்தையும் அழைத்தவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இது தேவைப்படும்.

2. உள்ளே நுழையும் முன் பத்து விநாடி நில்லுங்கள்

முதலில் உங்கள் பாதுகாப்பு: மின்கம்பி, எரிவாயு வாடை, ஆயுதம், இன்னும் அங்கேயே நிற்கிற கோபக்காரர். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் தலைவலி, குமட்டல் என்கிறார்களா? மூடிய அறையில் ஜெனரேட்டரோ அடுப்போ எரிகிறதா? கார்பன் மோனாக்சைடை நினையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் அப்போதும் 98, 99 என்றே காட்டும். அதற்கு இரண்டு வாயுக்களுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அடுத்து, இடத்தைப் பாருங்கள். நீங்கள் ஐந்து நிமிடம் வேலை செய்தால் அந்த இடம் மாறிவிடும். மேசையை நகர்த்துவீர்கள், ரத்தத்தை மிதிப்பீர்கள், உறவினர்கள் தரையைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். மருத்துவமனையில் யாருமே அந்த அறையைப் பார்க்கப் போவதில்லை, பார்க்கிற மருத்துவக் கண் உங்களுடையது மட்டும்தான்.

எதைப் பார்ப்பது? ரத்தம் ஒரே இடத்தில் தேங்கியிருக்கிறதா, சொட்டுச் சொட்டாக வேறு அறையிலிருந்து வருகிறதா? சொட்டு இருந்தால் அடிபட்ட பிறகு நடந்திருக்கிறார். ரத்தம் ஈரமா, உலர்ந்துவிட்டதா? தரை ஈரமா? காலில் செருப்பு உண்டா? ஏணி, கவிழ்ந்த நாற்காலி, எரியாத விளக்கு? மேசை விளிம்பில் முடியோ ரத்தமோ ஒட்டியிருக்கிறதா? தலை எதில் மோதியது என்று சொல்ல அங்கே எதுவுமே இல்லையென்றால், அதுவும் ஒரு தகவல்.

படம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். உங்கள் சேவை அனுமதித்து, அதற்கான கருவியும் கொடுத்திருந்தால் மட்டும். சொந்த போனில் வேண்டாம்.

3. காரணம் காத்திருக்கும், உயிர் காத்திருக்காது

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. புதிர் சுவாரஸ்யமாக இருக்கிறது என்று கேள்வி கேட்டுக்கொண்டே நின்றுவிடுவார்கள். கொட்டுகிற ரத்தத்தை நிறுத்துங்கள். கழுத்து அசையாமல் ஒருவர் பிடிக்க, மூச்சுப்பாதையைத் திறந்து வையுங்கள். வாந்தி வந்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

அடிபட்ட மூளைக்கு இரண்டு எதிரிகள்: ஆக்சிஜன் குறைவது, பிரஷர் குறைவது. ஆக்சிஜன் அளவு ஒரு முறை 90-க்குக் கீழே போனாலும் பாதிப்பு அதிகமாகிறது. வயது வந்தவர்களுக்கு, மேல் பிரஷர் (100/60 என்பதில் 100) 110-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ்க் வைத்துக் காற்று கொடுக்கும்போது பதற்றத்தில் வேகவேகமாக அமுக்காதீர்கள். அப்படிச் செய்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, இருக்கிற ரத்த ஓட்டமும் குறையும்.

மண்டைத் தோல் கிழிந்தால் ரத்தம் ஏராளமாக வரும், அழுத்திக் கட்டினால் நிற்கும். அழுத்தும்போது கீழே எலும்பு உள்வாங்கியிருப்பது போல் பட்டால் அந்த இடத்தில் அழுத்தாமல், ஓரங்களில் சுற்றிக் கட்டுங்கள். இன்னொன்று: வயது வந்த ஒருவருக்குத் தலையில் மட்டும் அடி என்று நினைத்திருக்க, பிரஷர் விழுந்துகொண்டே போனால், தலையைவிட்டு வயிறு, மார்பு, இடுப்பு எலும்பு, தொடை என்று தேடுங்கள். மண்டைக்குள் கசியும் ரத்தம் மட்டும் வயது வந்த ஒருவரின் பிரஷரை அப்படிக் கீழே தள்ளாது.

இந்தக் கட்டத்திலேயே விரலில் குத்திச் சுகர் பாருங்கள். எல்லா நோயாளிக்கும், விதிவிலக்கில்லாமல். 70-க்குக் கீழே இருந்தால் அது குறைவு. சுகர் இறங்கியவர் உளறுவார், சண்டை போடுவார், வலிப்பு வரும், சிலருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தது போலவும் இருக்கும். தலையில் ரத்தத்தோடு ஒருவர் உளறினால் எல்லோருடைய கண்ணும் காயத்தின் மேல்தான் இருக்கும். ஒரு ஸ்ட்ரிப்பும் சில விநாடிகளும்தான் இதற்குச் செலவு. இந்த வேலையில் இதைவிட மலிவான சோதனை கிடையாது.

4. எண்களைப் பிரித்து எழுதுங்கள், திரும்பத் திரும்ப எழுதுங்கள்

நினைவு நிலைக்கு கிளாஸ்கோ அளவு: அதிகபட்சமாகக் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம். மொத்தத்தை மட்டும் எழுதுவது பலர் செய்யும் தவறு. ‘11’ என்றால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. ‘கண் 3, பேச்சு 3, அசைவு 5’ என்று எழுதினால் ஆள் எப்படி இருந்தார் என்று தெரியும். ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, பத்து நிமிட இடைவெளியில் எடுத்த மூன்று எண்கள் மேல். 15 வந்து 14 ஆகி 12 ஆனால், உள்ளே ரத்தம் சேர்கிறதோ என்று வண்டியிலேயே சந்தேகப்பட முடியும். சிலர் அடிபட்ட பின் எழுந்து நன்றாகப் பேசி, கொஞ்ச நேரம் கழித்துச் சரிவது இப்படித்தான்.

கண்மணிகள் இரண்டும் ஒரே அளவா, வெளிச்சத்துக்குச் சுருங்குகின்றனவா என்று நேரத்தோடு குறியுங்கள். முன்பு கண் அறுவை சிகிச்சை ஆனவரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், அதனாலும் கண்மணி வேறுபடும்.

நான் தவறவிட்ட மெதுவான நாடிக்கு வருகிறேன். தலையில் அடிபட்டவருக்கு நாடி மெதுவாக இருந்தால், பிரஷரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரஷர் ஏறிக்கொண்டே போய், நாடி இறங்கி, மூச்சும் ஒழுங்கில்லாமல் போனால் மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது. இது அவசரத்திலும் அவசரம். பிரஷர் ஏறாமல் சாதாரணமாகவோ குறைவாகவோ இருந்து நாடி மட்டும் மெதுவாக இருந்தால் இதயத்தையும், நாடியைக் குறைக்கும் மாத்திரைகளையும் நினையுங்கள். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் அடிபட்டாலும் இப்படி வரும், கை கால் அசைகிறதா என்று பாருங்கள். விழுந்த காரணம் தெரியாத எல்லோருக்கும் இசிஜி எடுங்கள். வண்டியில் ஏறிய பிறகு எடுத்தாலும் போதும், எடுக்காமல் விடாதீர்கள்.

5. முதலில் நடந்தது எது?

இதுதான் மையக் கேள்வி. விழுந்ததால் மயங்கினாரா, மயங்கியதால் விழுந்தாரா? காயம் ஒன்றே, சிகிச்சை வேறு வேறு.

கைகளைப் பாருங்கள். நினைவோடு விழும் மனிதன் கையை ஊன்றுவான். உள்ளங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் வீக்கம், முழங்காலில் அடி இருந்தால், விழும்போது நினைவு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மூக்கும் நெற்றியும் நேராகத் தரையில் மோதியிருக்க, கைகளில் ஒரு கீறலும் இல்லையென்றால், தரையைத் தொடும் முன்பே நினைவு போயிருக்கலாம். அந்தப் பெரியவரின் கைகள் சுத்தமாக இருந்தன. நாடி பார்க்க அதே கையைப் பிடித்திருந்தேன்.

வலிப்பு என்றால் நாக்கின் ஓரத்தில் கடி இருக்கலாம், ஆடை நனைந்திருக்கலாம், முக்கியமாக, பிறகும் நெடுநேரம் குழப்பமும் தூக்கமும் இருக்கும். இதயத்தாலோ பிரஷர் இறங்கியோ மயங்கியவர் பொதுவாக ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார். ஆனால் சாதாரண மயக்கத்திலும் சில விநாடி கை கால் வெட்டும். ‘இழுத்தது’ என்று யாராவது சொன்ன உடனே வலிப்பு என்று எழுதிவிடாதீர்கள். எவ்வளவு நேரம், பிறகு எப்படி இருந்தார் என்று கேளுங்கள்.

முகம் கோணல், ஒரு கை தொய்வு, பேச்சுக் குழறல் இருந்தால் பக்கவாதத்தை நினையுங்கள். அப்போது கேட்க வேண்டியது, விழுந்தது எப்போது என்பதைவிட, கடைசியாக அவரை நன்றாகப் பார்த்தது எப்போது என்பது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான எல்லை நாலரை மணி நேரம், அந்தக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். அதே ஊசி, தலையில் பலத்த அடிபட்டவருக்கு ஆபத்து. இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கும்போது மருத்துவர் எடுக்கும் முடிவு நீங்கள் சொல்லும் தகவலில் தொங்குகிறது. ‘ஐயோ தலை’ என்று பிடித்துக்கொண்டு, இதுவரை வராத அளவுக்குத் தலைவலி வந்து, அதற்குப் பிறகு விழுந்தாரென்றால், மூளையில் முதலில் ரத்தக்கசிவு, அடுத்து வீழ்ச்சி என்ற வரிசையை யோசியுங்கள்.

சில சமயம் இன்று பார்க்கும் காயத்துக்கும் இன்றைய நிலைக்கும் சம்பந்தமே இருக்காது. வயதானவருக்கு மூளை சுருங்கி மண்டைக்குள் இடம் இருக்கும். நின்ற இடத்திலிருந்து விழுந்த சின்ன அடியில் மெல்ல ரத்தம் கசிந்து, வாரக்கணக்கில் கழித்துத் தடுமாற்றமாக வெளிப்படும். அந்தத் தடுமாற்றத்தில்தான் இன்று விழுந்திருப்பார். “போன ஒன்றிரண்டு மாதத்தில் எப்போதாவது விழுந்தாரா, தலையில் இடித்துக்கொண்டாரா?” என்று கேட்காமல் வராதீர்கள்.

கண்ணைச் சுற்றிக் கருவளையமாக ரத்தக்கட்டும், காதுக்குப் பின்னால் நீலமும் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்ததைக் காட்டலாம். ஆனால் இவை வர மணிக்கணக்கில் ஆகும், காதுக்குப் பின்னால் வருவது ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ‘இப்போதுதான் விழுந்தார்’ என்று சொல்லும் இடத்தில் அவை ஏற்கெனவே இருந்தால், நேரம் ஒத்துப்போகவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டின் நிறத்தை வைத்து இத்தனை நாள் ஆனது என்று கணக்குச் சொல்லாதீர்கள், அது நம்பகமானதில்லை. மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வந்தால் எழுதுங்கள், அடைக்காதீர்கள்.

குடி வாடை அடித்தால்? குடித்தவருக்கும் தலையில் ரத்தம் கசியும், சுகர் இறங்கும், வலிப்பு வரும். வாடையை எழுதுங்கள், ஆனால் குழப்பத்துக்குக் காரணம் குடிதான் என்று முடிவு கட்டாதீர்கள். இந்த ஒரு தவறால் போன உயிர்களை நினைத்தால் மனசு ஆறாது.

6. கேள்வியில் பதிலை வைக்காதீர்கள்

“வழுக்கி விழுந்தாரா?” என்று கேட்டால் “ஆமா” என்பார்கள். “நீங்க என்ன பார்த்தீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க” என்று கேளுங்கள். பார்த்தவர் யார், சத்தம் மட்டும் கேட்டவர் யார், பிறர் சொல்லிக் கேட்டவர் யார் என்று பிரியுங்கள். விழுவதற்கு முந்தைய ஒரு நிமிடம்தான் பொன்னான நிமிடம்: உட்கார்ந்திருந்தாரா, எழுந்தாரா, சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தாரா, நெஞ்சு படபடத்ததா, கண் இருண்டதா?

நோயாளி சொல்வதையும் கேளுங்கள், ஆனால் எச்சரிக்கையோடு. அடிபட்ட நேரத்தின் நினைவு போய்விடுவது சகஜம். சுற்றி நிற்பவர்கள் சொன்னதையே தன் நினைவு போலச் சொல்வார். “விழுந்தது ஞாபகம் இருக்கா, தரையில கிடந்ததுதான் ஞாபகம் இருக்கா?” என்று பிரித்துக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால் அதையும் எழுதுங்கள்.

யாராவது அடித்திருக்கலாம் என்று தோன்றினால், தனியாக, வண்டிக் கதவு மூடிய பிறகு, மெதுவான குரலில் கேளுங்கள். வீட்டார் முன்னால் கேட்டால் பதில் வராது, பிறகு அவருக்கு ஆபத்தும் வரலாம். குழந்தை என்றால், சொல்லும் கதை அந்தக் குழந்தையின் வயதுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இன்னும் புரளவே தெரியாத குழந்தை தானாக உருண்டு கட்டிலிலிருந்து விழாது. அங்கேயே யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். குழந்தை உங்களோடு மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும், அதுதான் முக்கியம். சந்தேகத்தை யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற உங்கள் சேவையின் விதியை முன்கூட்டியே படித்து வையுங்கள், அந்த நேரத்தில் தேட முடியாது.

7. பையில் போட வேண்டியவை

சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கும்போது உறவினர் ஒருவரிடம் இவற்றைச் சேகரிக்கும் வேலையைக் கொடுங்கள், அவருக்கும் கை நடுக்கம் குறையும். மாத்திரை அட்டைகள் அனைத்தும் வேண்டும், பெயர் சொன்னால் போதாது. முக்கியமாக வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், இன்சுலின், வலிப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை. அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்பதே ஒரு தகவல். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய இசிஜி, பேஸ்மேக்கர் அட்டை, அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை, கண்ணாடி, காது கருவி. நேரில் பார்த்தவரின் போன் எண்.

இதற்காக வண்டி காத்திருக்கக் கூடாது. நினைவு குறைந்தவரைச் சம்பவ இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க நல்ல காரணம் வேண்டும். மிச்சத்தைப் பின்னால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

8. படிவம்: ‘சொன்னார்’ வேறு, ‘பார்த்தேன்’ வேறு

‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுதாதீர்கள். ‘படிக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு வந்ததாக மகன் சொன்னார். வழுக்கியிருக்கலாம் என்பது மகனின் எண்ணம். படி உலர்ந்திருந்தது’ என்று எழுதுங்கள். எழுத ஒரு நிமிடம் கூடுதலாகும். முக்கியமான வாக்கியங்களை அவர்கள் சொன்ன சொல்லிலேயே மேற்கோளில் போடுங்கள். ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுத வெட்கப்பட வேண்டாம், அந்த வார்த்தையைப் பார்த்துத்தான் மருத்துவர் தேட ஆரம்பிப்பார்.

இந்தக் காகிதத்துக்குப் பண மதிப்பும் உண்டு. விபத்துக் காப்பீடு விபத்துக்குத்தான் பணம் தரும், நோயால் விழுந்ததை வேறு மாதிரி பார்ப்பார்கள். வழக்கு வந்தால் முதலில் கேட்கும் ஆவணங்களில் இதுவும் ஒன்று. தெரியாத ஒன்றை உறுதியாக எழுதிவிட்டால், ஒரு குடும்பத்துக்கு வர வேண்டிய பணம் மாதக்கணக்கில் நிற்கும். தவறாக எழுதிவிட்டால் அதன் மேலேயே திருத்தாதீர்கள். ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, நேரமும் கையொப்பமும் போடுங்கள்.

அடிதடி, கத்தி, துப்பாக்கி என்று சந்தேகம் இருந்தால், ஆடையைக் கத்தரிக்கும்போது ஓட்டையின் வழியாக வெட்டாதீர்கள், விலகி வெட்டுங்கள். ஈரத் துணியை பிளாஸ்டிக்கில் கட்டி வைத்தால் கெட்டுப்போகும், காகிதப் பை நல்லது.

9. ஒப்படைப்பு: பொருந்தாததைச் சொல்லாமல் விடாதீர்கள்

ஸ்கேனும் மூளை அறுவை சிகிச்சையும் உள்ள இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். போன பிறகு உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். அதில் முதல் வாக்கியம், “விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.” அடுத்தது நேரம், நினைவு நிலை எப்படி மாறியது, சுகர், இசிஜி, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. கடைசியாக, உங்களை உறுத்துவது எதுவோ அது. “கையில ஒரு கீறல் கூட இல்லை, நாடி 42.” இவ்வளவு போதும். உங்களுக்கு விளக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

10. வர மறுப்பவர்

“ஒண்ணும் இல்ல, ஸ்கேனுக்கு வேற காசு செலவு” என்று சொல்பவர்கள் நிறைய. செலவைப் பற்றி வாதாடாதீர்கள், அவர்கள் கவலை உண்மையானது. ஆனால் நினைவு தப்பியிருந்தாலோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிட்டாலோ, வயதானவராக இருந்தாலோ, ஏன் விழுந்தார் என்று தெரியாவிட்டாலோ, “காயத்துக்காகக் கூப்பிடலை, ஏன் விழுந்தீங்கன்னு பார்க்கக் கூப்பிடுறேன்” என்று சொல்லிப் பாருங்கள். இதைக் கேட்டுப் பலர் ஏறியிருக்கிறார்கள். குழப்பத்தில் இருப்பவர் ‘வேண்டாம்’ என்று சொல்வது மறுப்பாகாது, உடனே உங்கள் மருத்துவரைப் போனில் பிடியுங்கள். தெளிவாக இருந்து மறுத்தால், அடுத்த 24 மணி நேரம் கூடவே ஒருவர் இருக்க வேண்டும் என்று சொல்லி, திரும்ப அழைக்க வேண்டிய அறிகுறிகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்: திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் தளர்ச்சி, மறுபடி மயக்கம்.

11. மறுநாள் கேளுங்கள்

உங்கள் சேவையின் விதி இடம் கொடுத்தால், ஒப்படைத்த நோயாளிக்குக் கடைசியில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெரியவருக்கு இதயத்தின் மின்னோட்டம் அவ்வப்போது தடைபட்டிருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் வார்டில் அவரைப் பார்த்தேன். அன்று என்ன நடந்தது என்று, கேட்க வேண்டிய நாளில் கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டேன். “படியில கால் வைக்கல தம்பி. மேலே நின்னுட்டிருந்தேன், கண்ணு இருட்டிச்சு” என்றார்.